ஆடு புகாத வேலி

"ஆடு உள்ளே வராம இருக்க என்ன வழி டீச்சர்?" என்று கேட்டார் சீனிச்சாமி.

டீச்சர் அவரைக்காய்ப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எந்த ஆடு?"

"எந்த ஆடா? இங்க வேற யார்கிட்ட இருக்கு ஆடு? ஒச்சம்மா ஆடுதான். நேத்து வெண்டையை மொட்டையடிச்சிருச்சு. கேட்டா, கொழுந்துன்னு ஒண்ணு இருந்தா ஆடு திங்கத்தானே செய்யும்ங்குது அந்தம்மா."

டீச்சர் லேசாகச் சிரித்தார்.

கரட்டடி என்பது ஒரு பாறைக் கரட்டின் கீழே சிதறிக் கிடக்கும் கொஞ்சம் வீடுகள். ஐப்பசியில் வரும் மழை கார்த்திகையில் போய்விடும். அதன் பிறகு கரடு முழுக்க மஞ்சம்புல் நின்று காயும். கோடையில் எங்காவது தீப்பிடிக்கும். யாராவது பீடியைப் போட்டிருப்பார்கள். யாரும் எதுவும் போடாமலும் பிடிக்கும். சில வருடம் மேலேயே அணைந்துவிடும். சில வருடம் கீழே இறங்கி வரும்.

டீச்சரின் பெயர் செண்பகவல்லி. கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். நாற்பது வயதில் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து தோட்டம் போட்டார். சீனிச்சாமி அவரைவிட மிகவும் மூத்தவர். ஆயுளெல்லாம் லாரி ஓட்டியவர். கரட்டடியில் அவர் நிலம் வாங்கியபோது அந்த மண்ணில் கடப்பாரையைப் போட்டால் ணங்கென்று சத்தம் வந்தது. டீச்சரிடம் போய் நின்றார். மண்ணில் வெயில் படாமல் மூடி வையுங்கள் என்றார் டீச்சர். சருகு, சோளத்தட்டை, தென்னை மட்டை என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து மூடினார் சீனிச்சாமி. மூடாக்குக்கு அடியில் மண் மெல்லக் கறுத்தது. இப்போது விரல்களை நுழைத்தால் மணிக்கட்டு வரை இறங்கியது.

"ஓட்டின வண்டியெல்லாம் அடுத்தவன் வண்டி. இந்த மண்ணு ஒண்ணுதான் என்னுது" என்று அடிக்கடி சொல்வார்.

டீச்சர் அதிகம் பேச மாட்டார். கேள்வி கேட்டால் எழுந்து போய் எதையாவது செய்து காட்டுவார். பார்த்துக்கொண்டிருப்பவர் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும். சீனிச்சாமிக்கு அது மிகவும் பிடித்திருந்தது. டீச்சர் மண்வெட்டியை எடுத்தாலும் வைத்தாலும் அதில் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்று அவர் நம்பினார்.

"ஆட்டைப் பத்திக் கேட்டேன் டீச்சர்."

"பொங்கல் முடியட்டும் அண்ணே. வாங்க."

பொங்கல் முடிந்து சீனிச்சாமி போனபோது டீச்சர் தன் தோட்டத்துப் படலை இழுத்துத் திறந்து, மூடாதபடி அதற்கு ஒரு கல்லை அணைகொடுத்தார். வெளியே ஒச்சம்மாள் ஆடுகளோடு நின்றிருந்தார்.

"நெசமாவே உள்ள விடவா? அப்புறம் வையக் கூடாது."

"விடுங்க அக்கா."

"ஏ சிலுப்பி, போடி. விருந்துக்குக் கூப்புடுறாங்க."

சிலுப்பி என்ற கறுப்பு ஆடு முதலில் நுழைந்தது. மற்றவை அதன் பின்னால் ஓடின. அறுத்து முடித்த தட்டை, காய்ந்த பூசணிக்கொடி, ஓரத்தில் நின்ற புல் எல்லாவற்றையும் தின்றன. பிஞ்சு விட்டிருந்த ஒரு கத்தரிச் செடியையும் தின்றன.

"டீச்சர், கத்தரி!"

"ம்."

"பிஞ்சு இருக்கு டீச்சர்!"

"இருக்கு."

பொழுது சாய்வதற்குள் தோட்டத்தைச் சுற்றி வழித்தெடுத்தது போல வெறும் தரை கிடந்தது. டீச்சர் அந்தத் தரையில் நின்று கரட்டைப் பார்த்தார். பிறகு சீனிச்சாமியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் சீனிச்சாமி பேசாமல் நடந்தார். ஆடுகளுக்குப் பின்னால் ஒச்சம்மாள் வந்தார்.

"என்ன லாரிக்காரரே, சத்தத்தையே காணோம்?"

"டீச்சர் பெரிய ஆளு ஒச்சம்மா. பற்றை விடுன்னு செஞ்சு காட்டுறாங்க."

"எதை விடணும்?"

"பற்று. என்னுது என்னுதுன்னு புடிச்சுக்கிட்டு இருக்கோம்ல, அதை."

"அப்ப நாளைக்கு உங்க தோட்டத்தைத் திறந்து விடுவீங்களா?"

"எனக்கு அந்தப் பக்குவம் வரல."

"எங்க சிலுப்பிக்கு எப்பவோ வந்துருச்சு" என்றார் ஒச்சம்மாள். "என்னுது உன்னுதுன்னு அவ பாக்குறதே இல்ல."

தை முடிவதற்குள் சீனிச்சாமி வேலி போட்டார். கருவேல முள்ளை வெட்டிக் காயவைத்து ஆளுயரத்துக்கு அடுக்கினார். சந்துகளில் காய்ந்த பனையோலையைத் திணித்தார். குட்டி ஆடு மூக்கை நுழைக்கவும் இடம் இல்லை. மிச்சமிருந்த ஓலையை உள்பக்கம் வேலியை ஒட்டி மூடாக்காகப் போட்டார்.

ஆடுகள் கரட்டுக்கு ஏறும் தடம் அவர் நிலத்து ஓரமாகத்தான் போனது. அது வேலிக்குள் அடைபட்டது. ஆடுகள் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் மேயப் போயின. ஒவ்வொரு தையிலும் மொட்டையாகிவிடும் மேல்சரிவில் இந்த முறை புல் இடுப்பளவுக்கு நின்று காய்ந்தது.

அப்படியும் ஒரு நாள் மத்தியானம் சிலுப்பி எப்படியோ படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. சீனிச்சாமி கண்விழித்தபோது கீரைப் பாத்தி காலியாகியிருந்தது. அவர் ஊர்க்கூட்டத்தில் சொன்னார்.

"ஆட்டை அடைச்சு வைக்கச் சொல்லுங்க."

"நாள் முழுக்க அடைச்சு வச்சா அது எதைத் திங்கும்?" என்றார் ஒச்சம்மாள். "என்னைத்தான் திங்கும்."

"நாள் முழுக்க வேணாம். காலையில மேய்ச்சுக்க. சாயங்காலம் மேய்ச்சுக்க. நான் கண்ணசர்ற நேரம் மட்டும் அடைச்சு வை."

கூட்டம் சிரித்தது. ஒச்சம்மாளும் சிரித்துவிட்டார்.

"சரி. லாரிக்காரரு தூங்கட்டும். எத்தனை வருசம் தூங்காம ஓட்டினாரோ."

ஒச்சம்மாள் வீட்டைச் சுற்றி எல்லாமே பாறை. மத்தியானத்தில் நிழல் விழும் இடம் சீனிச்சாமியின் முருங்கை நிற்கும் வேலியோரம் மட்டும்தான். அங்கே மூங்கில் தட்டி கட்டி, ஓலைக் கூரை போட்டு, ஆடுகளுக்குப் பட்டி அமைத்தார். வாசலுக்குக் கயிறு கட்டினால் சிலுப்பி பல்லால் இழுத்து அவிழ்த்துவிடும் என்று கம்பியால் கட்டினார்.

மாசியில் ஒரு நாள் டீச்சர் வந்தார். வேலி நெடுகிலும் நடந்தார். மேல்சரிவைப் பார்த்தார். பட்டியைப் பார்த்தார். வேலியிலிருந்து ஒரு முள்குச்சியை உருவி இரண்டாக ஒடித்தார். பட்டென்று ஒடிந்தது. ஒரு பாதியைச் சீனிச்சாமியின் கையில் வைத்தார்.

"நல்லாக் காஞ்சிருக்கு அண்ணே."

"காஞ்சாத்தான் டீச்சர் முள்ளு இறுகும். எப்படி இருக்கு நம்ம வேலி?"

டீச்சர் ஏதோ சொல்ல வந்தார். சீனிச்சாமியின் முகம் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் போல இருந்தது. டீச்சர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் போய்விட்டார்.

சீனிச்சாமி அந்தக் குச்சியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

பங்குனியில் ஒரு மத்தியானம் அவர் இருமிக்கொண்டே விழித்தார். கண் எரிந்தது. வெளியே வந்து பார்த்தபோது மேல்சரிவு தெரியவில்லை. புகை மட்டும் தெரிந்தது. புகைக்குள்ளிருந்து பட்பட்டென்று சத்தம் வந்தது.

ஒச்சம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். காலையில் மேய்த்துவிட்டு, ஆடுகளைப் பட்டிக்குள் விட்டு, கம்பியைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

சீனிச்சாமி மோட்டாரைப் போட்டார். கரண்ட் இல்லை. கிணற்றோரத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. குடத்தை எடுத்தார்.

தீ புல்லைத் தின்றுகொண்டு இறங்கி வேலிக்கு வந்தது. வேலிக்கு வந்த பிறகு அது நடக்கவில்லை, ஓடியது. முள் வெடித்தது. ஓலை பிடித்து மேலே பறந்தது. பறந்த இடமெல்லாம் மூடாக்கு புகைந்தது. முருங்கைக்கு அடியில் பிடித்தது. கொய்யாவுக்கு அடியில் பிடித்தது.

அப்போது ஆடுகள் கத்தின.

சீனிச்சாமி திரும்பிப் பார்த்தார். பட்டி இன்னும் பிடிக்கவில்லை. கிணற்றோரப் பாத்தியில் கீரையும் மிளகாயும் பச்சையாக நின்றன. பாத்தியின் ஓரம் புகைய ஆரம்பித்திருந்தது. இதை மட்டும் நனைத்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தார். ஒரு குடம் ஊற்றினார். இன்னொரு குடம் ஊற்றினார். ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன. மூடாக்கை இழுத்துத் தள்ளிவிட்டு மறுபடியும் ஊற்றினார்.

குடத்தைப் போட்டுவிட்டு அவர் ஓடியபோது பட்டியின் கூரை பிடித்திருந்தது. கம்பியைத் தொட்டார். கை பொசுங்கியது. துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி தொட்டார். கம்பி அவிழவில்லை. தட்டியை உதைத்தார். கூரை உள்ளே விழுந்தது.

பிறகு சத்தம் இல்லை.

ஊர் ஆட்கள் பச்சைக் கொப்புகளை ஒடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். டீச்சர் நனைத்த சாக்கோடு வந்தார். தீ ஒச்சம்மாளின் பாறையில் ஏறப் பார்த்து, அங்கே பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் அணைந்தது. இந்தப் பக்கம் டீச்சரின் தோட்டம் வரை போய், ஆடு மேய்ந்த வெறும் தரையில் நின்றுவிட்டது.

ஒச்சம்மாள் அரிசிப் பையோடு வந்தார். பட்டி இருந்த இடத்துக்கு எதிரே நின்றார். பையைக் கீழே வைக்கவில்லை. யாரோ அழ ஆரம்பித்தார்கள். ஒச்சம்மாள் அழவில்லை.

சீனிச்சாமி அவர் எதிரே வந்து நின்றார்.

"அடைச்சு வைக்கச் சொன்னீங்க" என்றார் ஒச்சம்மாள். "அடைச்சு வச்சேன்."

மறுநாள் காலையில் நாற்றம் எடுக்கத் தொடங்கியது. வெயில் ஏறுவதற்குள் ஆடுகளைப் புதைத்தாக வேண்டும். இரண்டு பேர் ஒச்சம்மாள் வீட்டுக்குப் பின்னால் கடப்பாரையைப் போட்டுப் பார்த்தார்கள். பாறை. சீனிச்சாமியின் நிலத்தில் எரிந்த பகுதியில் போட்டுப் பார்த்தார்கள். மண் இறங்கியது, ஆனால் அடியில் மூடாக்கு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. கால் வைக்க முடியவில்லை.

வெயிலுக்கு முன் ஆடுகளைத் தூக்கிப் போகக்கூடிய தூரத்தில், குழி தோண்டக்கூடிய ஈரமான, ஆழமான மண் ஒரே இடத்தில்தான் இருந்தது. கிணற்றோரப் பாத்தியில். கீரை இரவோடு இரவாக இன்னும் கொஞ்சம் வளர்ந்தது போல இருந்தது. மிளகாய் பூத்திருந்தது.

யாரும் அதைச் சொல்லவில்லை. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

டீச்சரும் நின்றார்.

சீனிச்சாமி பாத்திக்குள் இறங்கினார். மிளகாய்ச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே போட்டார். ஒரு கை பொசுங்கியிருந்ததால் மற்றொரு கையால் பிடுங்கினார். கீரையைப் பிடுங்கவில்லை, மண்வெட்டியால் வெட்டி எடுத்தார். மண் சத்தமில்லாமல் வந்தது.

டீச்சரும் ஒரு மண்வெட்டியோடு உள்ளே இறங்கினார். மற்றவர்கள் ஆடுகளை எடுத்துவரப் போனார்கள். இருவரும் வெட்டினார்கள்.

"பற்றை விடச் சொல்றீங்கன்னு நெனச்சேன் டீச்சர்."

"எப்ப?"

"அன்னைக்கு. படலைத் திறந்து விட்டீங்களே."

டீச்சரின் மண்வெட்டி நின்றது.

"புல்லைக் குறைக்கச் சொன்னேன் அண்ணே. ஆடு மேஞ்ச இடத்துல தீ நிக்காது. வேற ஒண்ணும் இல்ல அதுல."

"சொல்லலையே டீச்சர்."

"சொல்லல."

"முள்ளை ஒடிச்சுக் குடுத்தீங்க. அதுலயும் ஏதோ இருக்குன்னு சாமிகிட்ட வச்சேன்."

டீச்சர் ஒரு வெட்டு மண்ணை அள்ளி வெளியே போட்டார்.

"ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்" என்றார் டீச்சர். "செஞ்சு காட்டினாப் போதும்னு இருந்துட்டேன்."

சீனிச்சாமி குழியின் அடியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நானும் ஒண்ணு சொல்லணும். சத்தம் எனக்கு முதல்லயே கேட்டுச்சு டீச்சர். பட்டி அப்பப் பிடிக்கல. இந்தப் பாத்தியை நனைச்சிட்டுப் போலாம்னு நின்னேன்."

டீச்சர் அவரைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியும் துடைக்கவில்லை.

ஆடுகளைச் சாக்குகளில் வைத்துத் தூக்கி வந்தார்கள். எது எந்த ஆடு என்று அடையாளம் தெரியவில்லை. ஒச்சம்மாள் கூடவே வந்து, ஒவ்வொன்றையும் இறக்கும்போது சாக்கின் மேல் கையை வைத்து எடுத்தார். குட்டியை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கி வந்தார். குழிக்குள் இறங்கி அதைக் கிடத்திவிட்டு, சீனிச்சாமி நீட்டிய கையைப் பிடிக்காமல் ஏறிப் போனார்.

மண்ணைத் தள்ளி மூடினார்கள். ஊர் ஆட்கள் கலைந்தார்கள். வெயில் ஏறிவிட்டது.

ஒச்சம்மாள் தன் வீட்டுப் பாறையில் போய் உட்கார்ந்தார். முதுகு இந்தப் பக்கம் இருந்தது.

சீனிச்சாமி குவிந்த மண்ணைக் கையால் சமப்படுத்தினார். வெகுநேரம் சமப்படுத்தினார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"இந்த இடத்துல இனி நான் என்ன வைக்கட்டும்? ஏதாவது மரம் வைக்கட்டுமா? இல்ல, ஒண்ணுமே வைக்காம விட்டுரட்டுமா?"

டீச்சர் எதையாவது செய்து காட்டுவார் என்று அவர் காத்திருந்தார். டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"என்னைக் கேக்காதீங்க அண்ணே."

"வேற யாரைக் கேக்கட்டும்?"

டீச்சர் பாறைப் பக்கம் பார்த்தார்.

சீனிச்சாமியும் பார்த்தார். "அந்தம்மா என் முகத்துல முழிக்காது டீச்சர்."

"முழிக்காம இருக்கலாம்."

"நான் நின்னு கூப்பிட்டாலும் திரும்பாது."

"திரும்பாமலும் இருக்கலாம்."

"அப்புறம் எப்படிக் கேக்குறது?"

டீச்சர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

"நடுவுல இப்ப வேலி இல்லையே அண்ணே. நடந்து போய்க் கேளுங்க."